ஜீப் ஒண்ணு, கூலி ஒண்ணு... வீடு மட்டும் ரெண்டு!

தேவாரத்தில் காலை ஆறு மணிக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால், ஒன்று நீங்கள் பணக்காரர். அல்லது என்னைப் போல சென்னையிலிருந்து லீவுக்கு வந்தவர். மற்றவர்கள் எல்லாம் ரோட்டில் நிற்கிறார்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஹாரன் அடித்தபடி வரும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு கணக்கு உண்டு. எங்கள் பக்கம் வேறு கணக்கு. இடம் இருக்கும் வரை ஏறலாம். இடம் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு பேர் ஏறலாம்.

மலை என்னவோ கண்ணுக்கு எதிரேதான் நிற்கிறது. சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு போட்டால் பக்கம் என்று ஊர் பல வருஷமாகக் கேட்டு வருகிறது. ஜீப்போ போடி மெட்டு, கம்பம் மெட்டு என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறும்.

அந்த ஜீப் ஒன்றில் என் சித்தியும் போகிறார். அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருபவர் அவருடைய நாத்தனார். ஒரே தோட்டம், ஒரே கூலி, சாயங்காலம் ஒரே முதுகுவலி. வீடுகூட ஒரே மாதிரிதான் இருந்தது. நாலு சுவர், மேலே தகரம். மே மாதம் உள்ளே உட்கார்ந்தால் அப்பளம் பொரியும். ஐப்பசியில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கலாம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. கோட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆடு, மாடு எல்லாம் தாராளமாகத் தாண்டுகின்றன.

போன வருஷம் நாத்தனார் வீட்டில் பால் காய்ச்சினார்கள். கான்கிரீட் கூரை. சித்தி போனார், பால் குடித்தார், "நல்லாருக்கு" என்று மனதாரச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, நீ பி.காம். படிச்சவந்தானே? அவளுக்கு மூணரை லட்சம். எனக்கு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்னு சொன்னாக. அதுவும் இன்னும் கைக்கு வரல. இது என்ன கணக்குன்னு சொல்லு."

டெபிட், கிரெடிட் தெரியும். பேலன்ஸ் ஷீட் போடுவேன். ஆனால் இந்தக் கணக்கு எங்கள் சிலபஸில் இல்லை சார். அதனால் தேடிப் படித்தேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்...

டெல்லி அகராதியில் இந்தியாவுக்கு இரண்டே ஜாதி: நகரம், ஊரகம். நகரத்துக்கான பிரதமர் வீடு கட்டும் திட்டம் 2015 ஜூனில் வந்தது. ஊரகத்துக்கு, 1985-லிருந்து இருந்த இந்திரா வீட்டு வசதித் திட்டத்தை 2016-ல் புதுப் பெயரில் மாற்றினார்கள்.

பேரூராட்சி என்பது நகரக் கணக்கு. எனவே சித்தி நகரவாசி! ஏலக்காய் எடுக்கப் போகிற நகரவாசி.

சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கு நகரத் திட்டத்தில் மத்திய அரசு ஒன்றரை லட்சம், தமிழக அரசு 60 ஆயிரம். ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். ஊரகத் திட்டத்தில் சமவெளிக்கு அடிப்படைத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம்தான். ஆனால் இந்தக் காசில் கான்கிரீட் கூரை ஏறாது என்று தமிழக அரசு முதலில் 50 ஆயிரம் சேர்த்தது. பிறகு அந்தக் கூடுதலை 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தியது. மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். அது போக நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, தன் வீட்டைத் தானே கட்டுவதற்கு 90 நாள் கூலியும் கிடைத்தது. பேரூராட்சிக்காரருக்கு அந்தக் கூலி கிடைக்கவில்லை. அந்தச் சட்டமே 2005-ல் கிராமத்துக்காக எழுதியது.

இதற்கு மேல் 2024-ல் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு. ஒவ்வொன்றும் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். இதுவும் ஊரகத்துக்கு மட்டும். நாத்தனாருக்குக் கிடைத்தது இதுதான்.

மூன்றரையில் 2.10 போனால் மீதி 1 லட்சத்து 40 ஆயிரம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 280 நாள் ஜீப் சவாரி. ஒரு கோட்டின் விலை அது.

2024 செப்டம்பரில் நகரத் திட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநிலம் குறைந்தது ஒரு லட்சம் என்று விதி. கோட்டின் விலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. கோடு அப்படியே இருக்கிறது.

பத்திரிகையில் பேர் போட்ட சித்தப்பா

"ஏன், நம்ம கவுன்சிலர் நினைச்சா முடியாதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு கவுன்சிலர் டீக்கடையில் வைத்துச் சொன்ன பதில் இது: "தம்பி, சாக்கடை கேளுங்க, கட்டித் தர்றேன். லைட்டு கேளுங்க, போட்டுத் தர்றேன். வீடு கேட்டீங்கன்னா மனு வாங்கிக்கிறேன்."

உண்மைதான். விதி எழுதுவது டெல்லி. பங்குப் பணம் போடுவது சென்னை. நகரப் பகுதிகளில் திட்டத்தை நடத்துவது பழைய குடிசை மாற்று வாரியம். 2021-லிருந்து அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் செல்போனில் படம் பிடித்து, எந்த இடம் என்ற அடையாளத்தோடு ஏற்ற வேண்டும். பிறகுதான் பணம். இதில் ஊர் மன்றம் எங்கே வருகிறது? கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பேர் போட்ட சித்தப்பா மாதிரி. பேர் உண்டு. மாப்பிள்ளை பார்த்தது வேறு ஆள்.

கிராமத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இந்திரா வீடு காலத்தில் யாருக்கு வீடு என்று கிராம சபை தேர்வு செய்யும். அதில் வேண்டியவன், வேண்டாதவன் பிரச்னை நிறைய. அதைச் சரி பண்ணத்தான் 2016-ல் 2011-ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்தார்கள். அதன் பின் கிராம சபையின் வேலை பட்டியலைச் சரிபார்ப்பது. ஊழலுக்கு ஒரு கதவைச் சாத்தினார்கள், சரி. கூடவே 'அந்தக் கணக்கெடுப்பில் விட்டுப்போன கிழவி ஒருத்தி இருக்காளே' என்று சொல்லும் வாயையும் பாதி சாத்தியாயிற்று. 2018-ல் விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு கணக்கெடுப்பு எடுக்க வேண்டி வந்தது.

நகரத்தில் அந்த வாயே இல்லாமல் சில வருஷம் ஓடியது என்பதுதான் வேடிக்கை. 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் தேனி மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. பேரூராட்சிகளுக்கு? 2022 பிப்ரவரி 19. அதாவது 'எல்லோருக்கும் வீடு' என்று டெல்லி முதலில் குறித்த கடைசி வருஷம் 2022. எங்களுக்குக் கவுன்சிலர் வந்ததும் 2022. பந்தி முடியும் நேரத்தில்தான் பரிமாறுகிறவர் வந்தார்.

அரசியல் சட்டத்தையும் புரட்டினேன். 1992-ல் செய்த திருத்தங்களில் கிராமத்துக்கு 29 வேலைகள், நகரத்துக்கு 18 வேலைகள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். கிராமப் பட்டியலில் பத்தாவதாக 'ஊரக வீட்டு வசதி' என்றே இருக்கிறது. நகரப் பட்டியலில் சுடுகாடு உண்டு, திரிகிற மாட்டை அடைக்கும் பவுண்டு உண்டு, கட்டடங்களை ஒழுங்குபடுத்துவது உண்டு, குடிசைப் பகுதி மேம்பாடு உண்டு. 'வீட்டு வசதி' என்ற வார்த்தை மட்டும் இல்லை!

ஒருமுறை கோடு நகர்ந்தது

இந்தக் கோடு கடவுள் போட்டதா? இல்லை. 2004-ல் தமிழகத்தின் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் 'சிறப்பு சிற்றூராட்சி' ஆக்கினார்கள். ஊரகத் திட்டங்களின் நிதி கிடைக்கும் என்பதுதான் காரணம். 2006-ல் ஆட்சி மாறியது. மறுபடி பேரூராட்சி. ஊர் அப்படியே இருந்தது. மலை அப்படியே இருந்தது. போர்டு எழுதும் பெயின்டருக்கு மட்டும் இரண்டு தடவை வேலை கிடைத்தது.

கோடு இந்தப் பக்கமாக நகர்ந்தாலும் ஜனங்கள் பயப்படுகிறார்கள். 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கப்போவதாக அரசு அறிவித்தபோது, பல ஊர்களில் மறியல் நடந்தது. நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்பது அவர்கள் பயம். 'டவுன்' ஆவது பெருமை என்று நினைத்த காலம் போய், 'ஐயோ, டவுன் ஆக்கிடாதீங்க' என்று கெஞ்சும் காலம் வந்திருக்கிறது.

கோட்டை அழித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டவுனுக்கென்று சில வசதிகள் உண்டு, சித்தியே ஒப்புக்கொள்வார். நான் கேட்பது சின்ன விஷயம். வீட்டுப் பணம் போர்டைப் பார்த்து வரக்கூடாது. ஒழுகுகிற கூரையைப் பார்த்து வர வேண்டும். எந்தக் கூரை ஒழுகுகிறது என்று டெல்லிக்குத் தெரியாது. வார்டு கவுன்சிலருக்குத் தெரியும். அந்தத் தெரிந்த ஆளிடம் மனு வாங்குகிற வேலை மட்டும்தான் இருக்கிறது.

குற்றவாளி எங்கள் வீட்டிலேயே!

சரி, சித்திக்கு அந்த 2.10-ம் ஏன் வரவில்லை? இங்கேதான் நான் தலைகுனிய வேண்டும். குற்றம் எங்கள் குடும்பத்துடையது.

திட்டத்துக்கு முதல் நிபந்தனை சொந்த மனை. 'இந்தியாவில் வேறெங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது' என்பது இன்னொன்று. இதில் சித்திக்குக் கவலையே இல்லை. இந்தியாவில் வேறெங்கும் அவருக்குத் தகரக் கூரைகூடக் கிடையாது. மனையும் இருக்கிறது. ஆனால் பட்டா? சித்தப்பாவின் அப்பா பேரில்! அவர் போய் இருபது வருஷம். சித்தப்பாவும் போய்விட்டார். அவர் போன அன்று வந்த கூட்டத்தில் படித்தவர்கள் என்று நாங்கள் அரை டஜன் பேர் இருந்தோம். ஒருவருக்கும் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று தோன்றவில்லை. காரியம் முடிந்து, சாப்பிட்டு, பஸ் ஏறிவிட்டோம்.

பட்டா கொடுப்பது வருவாய்த்துறை. பேரூராட்சி மன்றம் பத்துத் தீர்மானம் போட்டாலும் பட்டாவில் ஒரு எழுத்து மாறாது. ஆனால் இங்கே மன்றத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வி.ஏ.ஓ.வையும் சர்வேயரையும் ஒரு நாள் வார்டில் உட்காரவைத்து முகாம் நடத்தச் சொல்லித் தீர்மானம் போட்டு, விடாமல் துரத்தலாம். யாருக்கு வீடு என்று முடிவு செய்ய முடியாத மன்றம், யார் வரிசையில் நிற்க முடியும் என்பதையாவது மாற்றலாமே.

ஆபீஸில் ஃபேன் அடியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நண்பரே, உங்களுக்கும் ஊரில் ஒரு சித்தி இருப்பார். அடுத்த லீவில் போகும்போது, பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் பட்டாவை எடுத்து வரச் சொல்லுங்கள். யார் பேரில் இருக்கிறது, அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா... இரண்டே கேள்வி. நீங்களே மனை வாங்குவதானால் அங்கீகாரம் உள்ள லேஅவுட்டா என்று பாருங்கள். 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை ஐகோர்ட் நிறுத்தியபோது தவித்தவர்கள் எத்தனையோ பேர். கட்டுவதானால் 2500 சதுர அடி வரையிலான மனையில் சின்ன வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அதற்கும் பட்டா உங்கள் பேரில் இருக்க வேண்டும்!

நான் மூன்று லீவைச் செலவழித்தேன். இப்போது பட்டா சித்தி பேரில். புதுத் திட்டத்தில் மனு போட்டாயிற்று. பார்ப்போம்.

கிளம்புகிற அன்று காலை ஜீப் வந்தது. நாத்தனார் உள்ளே தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தபடி சொன்னார், "மதினி, பேசாம எங்க பக்கமே வந்துருங்க. அங்கிட்டு இருந்தா எப்பயோ வீடு கட்டியிருக்கலாம்ல?"

சித்தி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் ஏன்டி வரணும்? அந்தக் கோட்டை நகத்தச் சொல்லு!"