இக்னிஷனில் முறிந்த சாவி: பழுதும் ஆபத்தும் உரிமையாளரின் சட்டப் பாதுகாப்பும்

காரின் இக்னிஷன் பூட்டில் சாவி சிக்கிக்கொள்வதும், முறிந்து ஒரு துண்டு உள்ளே தங்கிவிடுவதும் தம்மளவில் சிறிய பழுதுகளே; அவற்றைப் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டிய பெருஞ்செலவாக ஆக்குவது, பெரும்பாலும், முதல் சில நிமிடங்களில் பதற்றத்தில் செலுத்தப்படும் முரட்டு வலிமைதான். பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருந்தால் அந்த வலிமை ஏன் பயனற்றது என்பது விளங்கும். பழுது நீக்குவது தொடர்பாகச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்திருந்தால் பிறருடைய தவறுக்குத் தம் பணத்தை இழக்க நேராது.

சாவி நுழையும் உருளைப் பகுதி சிலிண்டர் எனப்படுகிறது. அதனுள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்க, ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கிறது. சரியான சாவி நுழையும்போது அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதால் சிலிண்டர் சுழல்கிறது. 'லாக்' நிலையைத் தாண்டி 'ஏசிசி' அல்லது 'ஆன்' நிலைக்குச் சிலிண்டர் சென்றதும், வெளிக்கூட்டின் சுவர் தகடுகளை அசையவிடாமல் அடைத்துவிடுகிறது. அசையாத தகடுகள் சாவியின் வெட்டுகளைப் பற்றிக்கொள்வதால், எத்தனை பலமாக இழுத்தாலும் அந்த நிலையில் சாவி வெளிவராது. ஆகவே, முழுச் சாவி சிக்கினாலும் துண்டுச் சாவி சிக்கினாலும், முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் 'லாக்' நிலைக்கு முழுமையாகத் திரும்பியிருக்கிறதா என்பதையே. இதைப் பாராமல் குறட்டால் இழுப்பவர்கள்தான் நல்ல சாவியையும் முறித்துவிடுகிறார்கள்.

சாவி முழுதாக இருந்தும் திரும்பவில்லை என்றால், ஸ்டியரிங் பூட்டைத்தான் முதலில் ஐயுற வேண்டும். சாவியை எடுத்த பின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஓர் உலோகத் தாழ் ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. சக்கரங்கள் ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்தபடி நின்றிருந்தால் அந்தத் தாழ் இறுகிப்போய், சாவியைத் திருப்ப இடம் தருவதில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்துக்கொண்டே மறு கையால் சாவியை மென்மையாகத் திருப்பினால் தாழ் விடுபடும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பல கார்களில், கியர் நெம்புகோல் 'பி' எனும் நிறுத்த நிலைக்கு முழுமையாக வராதவரை சாவியை விடாத இணைப்புப் பூட்டு ஒன்றும் உண்டு. அது மின்சாரத்தால் இயங்கும் சில மாடல்களில் பேட்டரி இறங்கிப்போனாலேயே சாவி சிக்கிக்கொள்வதால், பேட்டரிக்கு மின்னேற்றம் கொடுத்ததும் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். இவை இரண்டும் இல்லையெனில் தேய்ந்த சாவியோ உள்ளே படிந்த தூசியோ காரணமாகலாம். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டப்பட்ட நகல், அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறது என்பதால், புதுச் சாவிக்கு அசல் சாவியின் எண்ணைக் கொண்டு வெட்டச் சொல்வதே முறை.

சாவி முறிந்துவிட்ட நிலையில், துண்டின் முனை பூட்டின் வாய்க்கு வெளியே சிறிதேனும் நீட்டிக்கொண்டிருந்து சிலிண்டரும் 'லாக்' நிலையில் இருந்தால், மெல்லிய மூக்குக் குறட்டால் நேராகப் பிடித்து இழுக்கலாம். துண்டு உள்ளடங்கிவிட்டால், முனையில் சிறு கொக்கி கொண்ட மெல்லிய கம்பியைச் சாவியின் வெட்டுப் பக்கமாகச் செலுத்தி, ஒரு வெட்டில் கொளுவ வைத்து இழுப்பதே சாவி செய்பவர்கள் கையாளும் வழி. அதற்கு முன் கிராஃபைட் தூள் போன்ற உலர்ந்த மசகு சிறிதளவு தூவினால் தகடுகள் இளகும். சமையல் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ விட்டால் அப்போதைக்கு வழுக்கினாலும், பின்னர் தூசியைச் சேர்த்துப் பசையாக்கிச் சிலிண்டரையே கெடுத்துவிடும். குச்சி முனையில் நொடியில் ஒட்டும் பசையைத் தடவித் துண்டோடு ஒட்டவைத்து இழுக்கும் முறை பலராலும் பரிந்துரைக்கப்படுவது வருந்தத்தக்கது. பசை ஒரு தகட்டில் பட்டுவிட்டால் துண்டும் தகடும் ஒன்றாக இறுகிவிட, அதன்பின் சிலிண்டரை மாற்றுவதைத் தவிர வேறு வழியிருப்பது அரிது. மாற்றுச் சாவியை நுழைத்துத் துண்டைத் தள்ளிப்பார்ப்பதும் அதை இன்னும் ஆழத்துக்கே கொண்டுசெல்லும்.

துண்டு 'ஆன்' நிலையில் முறிந்து நின்றிருந்தால் அதைத் திறமையாளரிடம் விடுவதே நல்லது. சிலிண்டரைக் கழற்ற ஸ்டியரிங் தண்டின் உறையைப் பிரிக்க வேண்டும். அங்கே காற்றுப்பையின் மின்கம்பிகள் செல்கின்றன. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, வாகனக் கையேடு சொல்லும் நேரம் காத்திராமல் அந்தக் கம்பிகளில் கைவைத்தால் காற்றுப்பை திடீரென வெடித்து விரியக்கூடும். திறமையாளர் வரும்வரை 'ஆன்' நிலையில் நிற்கும் காரில் மின்சாரம் வடிந்துகொண்டே இருக்கும் என்பதாலும் பேட்டரி முனையைக் கழற்றிவைப்பது பொருத்தமானது. சாவி சிக்கிய காரை ஆளின்றி விட்டுச்செல்வதும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 126-இன்படி, பொது இடத்தில் நிற்கும் வாகனத்தின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும். இல்லையெனில் இயக்கம் நிறுத்தப்பட்டு, பிரேக் இடப்பட்டோ வேறு ஏற்பாட்டாலோ வாகனம் தற்செயலாக நகர முடியாதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளை அத்தகைய காருக்குள் ஒரு நொடியும் தனியே விடலாகாது. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டவர்கள் 1033 என்ற எண்ணில் உதவி கோரலாம்.

சாவியின் நெகிழிக் கைப்பிடிக்குள் பெரும்பாலான புதிய கார்களில் ஒரு சிறு சிப் இருக்கிறது. பூட்டின் வாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்பின் குறியீட்டைப் படித்து உறுதிசெய்த பிறகே என்ஜின் இயங்க அனுமதி கிடைக்கிறது. திருட்டைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். முறிந்தது உலோகப் பகுதி மட்டுமே என்பதால் கைப்பிடியில் உள்ள சிப் பெரும்பாலும் பழுதாகாமலேயே இருக்கும். அதைப் புதிய உலோகப் பகுதியோடு சேர்த்துப் பயன்படுத்தினால் செலவு வெகுவாகக் குறையும். எனவே இரு துண்டுகளையும் எறிந்துவிடக் கூடாது. புதுச் சிப்பைப் பதிவுசெய்ய நேர்ந்தால், காரில் இப்போது எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று கேட்டறிந்து, தொலைந்தவற்றை நீக்கச் செய்வது இன்றியமையாதது. வாகனப் பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் கேளாமல் சாவி செய்து தருபவரிடம் அந்த வேலையை ஒப்படைக்கலாகாது.

துண்டுகளைக் காத்துவைப்பதற்குக் காப்பீட்டுக் காரணமும் உண்டு. கார் பின்னாளில் திருடுபோனால், காப்பீட்டு நிறுவனம் அசல் சாவிகள் அனைத்தையும் கேட்பது வழக்கம். ஒன்று குறைந்தால் அலட்சியம் என்று காட்டி இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ முயலும். முறிந்த துண்டுகளும், புதுச் சாவி செய்த ரசீதும், தேதியும் கையிலிருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். சாவி பூட்டிலேயே விடப்பட்ட நிலையில் லாரி திருடுபோன அசோக் குமார் வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டுத் தொகையில் 75 விழுக்காட்டை வழங்கச் சொன்னது; அலட்சியம் இருந்தால் முழு உரிமையும் போய்விடும் என்பதில்லை, ஆனால் கால் பங்கு போய்விடலாம் என்பதையே அந்தத் தீர்ப்பு காட்டுகிறது. சாவி மாற்றும் செலவுக்கெனத் தனியான கூடுதல் காப்பீடும் கிடைக்கிறது. வழக்கமான காப்பீட்டில் அது தானாக அடங்காது.

பழுது நீக்குபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிப் பலருக்கும் தவறான அச்சம் இருக்கிறது. வெளியாளிடம் பூட்டைத் திறந்தால் உத்தரவாதம் முழுதும் ரத்தாகும் என்று சேவை மையங்களில் சொல்லப்படுவதுண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஷம்ஷேர் கட்டாரியா தொடுத்த வழக்கில், 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, வெளியாளிடம் பழுது நீக்கினார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், தவறான பழுதுநீக்கத்தால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே ரத்துசெய்யலாம் என்றும் உத்தரவிட்டது. அபராதம் மேல்முறையீடுகளுக்கு உள்ளானாலும், இந்தக் கொள்கை நுகர்வோர் கையில் வலிமையான வாதம். அப்படியிருந்தும் வெளியாளின் கவனக்குறைவால் காற்றுப்பைக் கம்பி அறுந்தால் அந்தச் சேதத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க மாட்டார் என்பதையும் மறக்கலாகாது.

குறை பூட்டின் வடிவமைப்பிலேயே இருக்கவும் கூடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் உலகெங்கும் சுமார் 26 இலட்சம் சிறிய கார்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பழுது, சாவி நுழையும் சிலிண்டரில் அன்று, அதன் பின்னாலுள்ள மின் ஸ்விட்சில் இருந்தது: நிலையைப் பிடித்துவைக்கும் விசை குறைவாக இருந்ததால், கனத்த சாவிக்கொத்தின் இழுப்போ முழங்காலின் இடிப்போ ஓடும் காரை 'ஏசிசி' நிலைக்குத் தள்ளி, என்ஜினை அணைத்து, பவர் ஸ்டியரிங்கையும் காற்றுப்பைகளையும் செயலிழக்கச் செய்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை அந்தப் பழுதோடு தொடர்புடையவையாக ஏற்றது. சரிசெய்யப்படும்வரை சாவிக்கொத்தில் வேறெதையும் மாட்டாதீர்கள் என்று உரிமையாளர்களிடம் சொல்லப்பட்டது. கனத்த கொத்து சிலிண்டரையும் தேய்ப்பதால், அந்த அறிவுரை எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். இந்தியாவில், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 110ஏ, பயணிகளுக்கோ பிற சாலைப் பயனாளர்களுக்கோ தீங்கு விளைக்கும் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒரே மாடலில் பலருக்கும் சாவி சிக்கினால், தனித்தனியே செலவழித்துவிட்டு மௌனமாக இராமல், உரிமையாளர்கள் புகாராகப் பதிவுசெய்வதுதான் அந்தப் பிரிவை இயங்கச் செய்யும்.

பூட்டைக் கெடுத்துவிட்டுக் கூலியும் கேட்கும் சேவையாளர்மீது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் வழக்கிடலாம். ரசீது தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகச் செயலாகும். வேலை தொடங்குமுன் என்ன செய்யப்போகிறார், எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் பெற்று, பூட்டின் நிலையைக் கைபேசியில் படமெடுத்து, கழற்றிய பழைய சிலிண்டரைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டால் சான்றுக்குக் குறைவிராது. முதலில் 1915 எனும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம். தீரவில்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மிகாத வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாகிவிட வேண்டும்.