கனநீரும் கணினியும்

மலாக்கா ஆற்று நீரிலும் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று இருமடங்கு எடையுள்ளது. ஹைட்ரஜன் அணுக்கள் அனைத்தும் அத்தகையவையாக உள்ள நீரே கனநீர். அது சாதாரண நீரைப்போல் 0 பாகை செல்சியஸில் அன்றி, 3.8 பாகையிலேயே உறைந்துவிடும்.

ஐதராபாத்தில் பிறந்த அனீசூர் ரகுமான், அமெரிக்க அறிஞர் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து, 216 நீர் மூலக்கூறுகளின் அசைவை நியூட்டன் விதிப்படி கணினியில் கணக்கிட்டு 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கணக்கில் ஹைட்ரஜனின் எடையை மட்டும் இரட்டித்தால் கனநீர் கிடைக்குமா? கிடைக்காது. மூலக்கூறுகள் மெதுவாக அசையும், உறைநிலையோ மாறாது.

மெய்யான ஹைட்ரஜன் அணு ஒரு புள்ளியில் அடங்காது. அலைபோல் பரந்து அதிரும். எடை மிகுந்த அணு அவ்வளவு பரவாது. ஆதலின் மூலக்கூறுகளின் பிணைப்பு வலுக்கிறது. இந்தக் குவாண்டம் இயல்பையும் கணக்கில் சேர்த்தால்தான் கணினியிலும் கனநீர் கனநீராகும்.