நட்ட மரத்தை யார் பார்ப்பது?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது முசரவாக்கம். வயலும் ஏரியுமாக இருந்த வட்டாரம் இது. இப்போது மனைப்பிரிவுகளும் கிடங்குகளும் உணவு விடுதிகளுமாக நகரத்தின் நீட்சியாக மாறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சாலையில் புளிய மரங்களின் நிழலிலேயே சைக்கிள் மிதித்துப் போன கதையை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். சாலை அகலமாக அகலமாக அந்த மரங்கள் போயின. போன மரங்களுக்கு ஈடாகப் புதுக் கன்றுகளும் நடப்படுகின்றன. அந்தக் கன்றுகள் என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி.

சாலையோரத்திலும் மனைப்பிரிவுகளிலும் நிற்கிற கன்றுகளை வண்டியை நிறுத்திவிட்டு அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வேப்பங்கன்று. நட்டு இரண்டு, மூன்று வருடம் ஆகியிருக்கும். அது சாயாமல் இருக்க ஒரு கம்பை ஊன்றி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கம்பு மக்கி விழுந்துவிட்டது, கயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. தண்டு பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் புதைந்துகொண்டே போகிறது. கட்டுக்கு மேலே வீக்கம், கீழே மெலிவு. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையின் உட்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதையைக் கயிறு நெரித்துவிட்டது. ஒரு பிளேடு இருந்தால் அரை நிமிடத்தில் அறுத்துவிடலாம். அந்த வழியாக எத்தனையோ பேர் தினமும் போகிறார்கள். மரத்தின் மேல் பிரியம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அறுக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மரம் நடுவதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. தலைவர் பிறந்தநாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், பள்ளி ஆண்டுவிழா, கல்யாணத் தாம்பூலப் பையில் ஒரு கன்று என்று வருடம் முழுக்க நடுகிறோம். தமிழக அரசு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் பரப்பில் சுமார் 24 சதவீதமாக இருக்கும் காடு, மரப் போர்வையைப் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்ட கன்று மாசி வரை தன் பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். அதன் உயிர் ஊசலாடுவது பங்குனி முதல் ஆனி வரையிலான வெயிலில். அந்த மாதங்களில் நடுவிழா நடப்பதில்லை, புகைப்படம் எடுக்கவும் யாரும் வருவதில்லை. ஊராட்சிகளில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய கன்றுகள்தான் இன்று பல கிராமச் சாலைகளில் மரமாக நிற்கின்றன. அவர்களை எந்த மேடையும் கூப்பிட்டுப் பாராட்டியதில்லை.

கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்காவை எல்லோருக்கும் தெரியும். ஹுலிகல்லுக்கும் கூடூருக்கும் இடையே 385 ஆலமரங்களை வளர்த்தவர், 2019-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘நட்டார்’ என்றே எழுதுகிறார்கள். அவரும் அவர் கணவரும் செய்த பெரிய காரியம், ஆடு மாடு கடிக்காமல் முள் அடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, அந்தக் கன்றுகள் வேர் பிடிக்கும்வரை வருடக்கணக்கில் காத்ததுதான்.

கிராமத்து மரத்துக்கு ஆடும் வெயிலும் எதிரி என்றால், நகரத்து மரத்துக்கு வேறு வகை எதிரிகள். அடிமரத்தை ஒட்டிப் போடும் சிமென்ட் தளம், விளம்பரப் பலகைக்கு அடிக்கும் ஆணி, வேரை வெட்டிப் போகும் வடிகால் பள்ளம், கிளைமேல் சுற்றும் அலங்கார விளக்கு. இதில் சிமென்ட்டைத்தான் நான் முதலில் வைப்பேன். மரத்தின் வேர் தண்ணீருக்கு மட்டும் அல்ல, காற்றுக்காகவும் மண்ணை நம்பியிருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டில்லி மரங்களுக்காகப் பிறப்பித்த உத்தரவில், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட் இருக்கக் கூடாது, ஆணிகளையும் பலகைகளையும் அகற்ற வேண்டும் என்று சொன்னது. மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் மாட்டினால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2019-ல் எச்சரித்தது. சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆட்களை உருவாக்கும் வேலையைச் சென்னையில் செய்துவருகிறது ‘நிழல்’ அறக்கட்டளை. ஷோபா மேனன் உள்ளிட்டோர் தொடங்கியது. மரங்களை அடையாளம் காட்டும் ‘மர நடை’, தெருவாரியாக மரக் கணக்கெடுப்பு, குடியிருப்போருக்கும் தன்னார்வலர்களுக்கும் மரப் பராமரிப்புப் பயிற்சி என்று அவர்கள் வேலை போகிறது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006 முதல் மரப் பூங்காவாக மாற்றியது அவர்கள் செய்த காரியங்களில் பெரியது. வேலை ஏவிவிட்டுப் போகிற இடமாக அது இருக்கவில்லை. மண்ணைக் கொத்துவது, சருகை மூடாக்காகப் போடுவது, கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டுவது என்று தன்னார்வலர்கள் கையாலேயே செய்து கற்றுக்கொண்ட இடம் அது.

அந்தப் பயிற்சியின் அருமை 2016 டிசம்பர் 12 அன்று தெரிந்தது. வர்தா புயல் சென்னையில் கரையேறி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. அழகுக்காக வைத்த வெளிநாட்டு வகைகளும், வேர் பரவ இடம் இல்லாமல் சிமென்ட்டுக்குள் நின்றவைகளும், வடிகாலுக்காக ஒரு பக்கம் வேர் இழந்தவைகளும் அதிகம் விழுந்தன. விழுந்த மரத்தைப் பார்த்ததும் இயந்திர ரம்பத்தை எடுப்பதுதான் நம் வழக்கம். சாய்ந்த மரம் எல்லாம் செத்த மரம் இல்லை. வேர்ப்பந்தில் பாதி மண்ணைப் பிடித்திருந்தால், மேல்பாரத்தைக் குறைத்து, ஈரம் காயாமல் வைத்து, நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். எதை நிமிர்த்தலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று நின்ற இடத்தில் முடிவு சொல்லத் தெரிந்தவர் ஒரு பகுதிக்கு நாலு பேர் இருந்தாலே நூற்றுக்கணக்கான மரங்கள் மிஞ்சும்.

கிளை வெட்டுவதில் நாம் செய்யும் தவறு இன்னும் பெரிது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கிற நாளில் தெருவில் நின்று பாருங்கள். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டத்தான் வேண்டும், அது ஊழியர்களின் உயிர்ப் பிரச்சினை. ஆனால் கிளை நடுவில் வெட்டி முண்டமாக விடப்படுகிறது. அல்லது தண்டோடு தண்டாக வழித்து எடுக்கப்படுகிறது. இரண்டும் கெடுதல். கிளை தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு சிறு தடிப்பு இருக்கும், வளையம்போலக் கையில் தட்டுப்படும். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. அந்தத் தடிப்பைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் அது முறிந்து விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஆகவே முதலில் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, பாரம் விழுந்தபின் தடிப்பை ஒட்டி மூன்றாவது வெட்டு. காயத்தின்மேல் தார், பெயின்ட், சாணி எதுவும் வேண்டாம்.

கடைசியில் சொன்னது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, மரத்தின் புண் நம் புண்ணைப்போல ஆறுவதில்லை என்று காட்டினார். அழுகிய பகுதியைச் சுற்றி மரம் உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, புதுத் திசுவை வெளியே வளர்த்துக்கொள்கிறது. 1977-ல் வந்த அந்த ஆய்வுக்குப் பிறகு மரக்காயத்துக்குப் பூசும் வழக்கத்தைப் பயிற்சி பெற்றவர்கள் கைவிட்டார்கள். நாம் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறோம்.

காஞ்சிக்கு இது அந்நியமான விஷயமாக இருக்கக் கூடாது. ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமான மாமரத்தைச் சுற்றி வந்து வணங்கும் ஊர் இது. அதன் நான்கு கிளைகளில் நான்கு சுவையுள்ள கனி காய்க்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஊர். பட்டு நெசவுக்கும் மரம் வேண்டும். தறிக்கு ஏற்றும் முன் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாக நீவிச் சரிசெய்கிறவர்கள் அதிகாலையிலேயே அதை முடிக்கப் பார்ப்பார்கள். ஏறுவெயில் பட்டால் இழை விறைத்து அறுபடும். பாவு போடும் தெருவில் நிழல் என்பது அவர்களுக்குத் தொழிலோடு சேர்ந்தது. அறுந்த இழையைப் பிணைக்க ஒரு பிள்ளையை எத்தனை மாதம் தறியடியில் உட்காரவைத்துப் பழக்குகிறோம்; மரத்தில் கை வைக்கிறவருக்கு மட்டும் எந்தப் பழக்கமும் தேவையில்லை என்று நினைப்பது எப்படிச் சரியாகும்?

வேம்பின் கதையே போதும். சில வருடங்களாகப் பனிக்காலத்தில் ஊர் ஊராக வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, தீயில் வாட்டியதுபோல நின்றன. ஃபோமோப்சிஸ் என்ற பூஞ்சையும், தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும் இதற்குக் காரணம். மரம் செத்துவிட்டது என்று வெட்டியவர்கள் உண்டு. வெட்டாமல் விட்ட பல மரங்கள் பங்குனியில் தளிர்த்தன. கருகிய குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் அடியில் பச்சை தெரிகிறதா என்று அறியலாம். பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனிகளை மட்டும் எடுத்து எரித்துவிட்டு, வேருக்குத் தண்ணீர் காட்டிப் பொறுத்திருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

வெளிநாடுகளில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. 1987 அக்டோபரில் தெற்கு இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. மூன்று வருடம் கழித்து, 1990-ல், அங்கே ‘மரக் காவலர்’ திட்டம் தொடங்கியது. நம் ஊராட்சிக்குச் சமமான அமைப்புகள் தங்கள் ஊரிலேயே ஒரு தன்னார்வலரை நியமித்து, ஊர் மரங்களைக் கவனிக்கச் சொல்கின்றன. நியூயார்க்கில் 1976-ல் தொடங்கிய ஒரு மர அமைப்பு பொதுமக்களுக்கு வகுப்பும் களப்பயிற்சியும் நடத்தித் தேர்வு வைக்கிறது. தேறியவர்கள் தெருமரங்களின் கிளைகளைக் கழிக்க மாநகரின் பூங்காத் துறை உரிமம் தருகிறது. எனக்கு இதில் பிடித்தது அந்த உரிமம்தான். தன்னார்வலரின் ஆர்வத்துக்கு ஊர் தரும் அங்கீகாரம் அது; அறியாமல் வெட்டுகிறவர்களைத் தடுக்கும் வேலியும் அதுவே.

நம் ஊரில் அப்படிச் செய்ய முடியாதா? 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரமும், அதன் விளிம்பில் வளரும் முசரவாக்கம் போன்ற ஊராட்சிகளும் சேர்ந்தால் முடியும். வனத்துறை அலுவலர் ஒருவர், தோட்டக்கலைத் துறையிலிருந்து ஒருவர், மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கற்றுக்கொடுக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர், ஊரக வேலைத் திட்டத்துக்கு வருகிறவர்கள், பள்ளிகளின் தேசியப் பசுமைப் படை மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். கற்க வேண்டியது அதிகம் இல்லை. பாலித்தீன் பையைக் கழித்து, சுருண்ட வேரைப் பிரித்து, தண்டின் அடி மண்ணுக்குள் புதையாமல் நடுவது. தாங்கு கம்பைத் துணியால் தளர்வாகக் கட்டி ஒரு வருடத்தில் எடுத்துவிடுவது. அடிமரத்தைத் தொடாமல் சருகு மூடாக்குப் போடுவது. ஆணியைப் பட்டை கிழியாமல் பிடுங்குவது. கையெட்டும் உயரத்துச் சிறு கிளைகளை முறையாகக் கழிப்பது.

எதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். தன்னார்வலர் மரம் ஏறக் கூடாது. மின்கம்பி அருகே போகவே கூடாது. இயந்திர ரம்பத்தைத் தொடக் கூடாது. இவை துறையினரின் வேலை. அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை என்பதும், அனுமதியின்றி யாராவது ரம்பத்தோடு வந்தால் யாரிடம் புகார் செய்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரத்தைக் காப்பதில் பாதி வேலை, உரிய நேரத்தில் உரியவருக்குத் தகவல் சொல்வதுதான்.

தமிழகத்தில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முசரவாக்கத்துக்காரராக இருந்தாலும் வேறு எந்த ஊராக இருந்தாலும், அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ‘எங்கள் ஊராட்சியில் பத்துப் பேருக்கு மரப் பராமரிப்புப் பயிற்சி வேண்டும்’ என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதவையுங்கள். அந்தப் பத்துப் பேரில் முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள்.