இலவச முகவரி யார் பெயரில் இருக்கிறது?

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சின்னக்கானல் வழியாக மூணாறு போகும் சாலையில் தங்கும் விடுதியோ ஏலக்காய்க் கடையோ நடத்துகிறவருக்கு இணைய முகவரி இன்று ஆடம்பரம் அல்ல. பலகையிலும் பொட்டலத்திலும் ஒருமுறை அச்சிட்டால் பல ஆண்டு நிற்க வேண்டியது அது. காசில்லாமல் கிடைக்கும் முகவரி அத்தனை காலம் தாங்குமா என்பதற்கு விலையில் விடை கிடைக்காது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஃப்ரீநோம் நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான சாட்சி. பசிபிக் தீவுக்கூட்டமான டோகெலாவின் டாட் டிகே, மாலியின் டாட் எம்எல், காபோனின் டாட் ஜிஏ உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குறியீடுகளில் அது முகவரிகளை வாரி வழங்கியது. ஆனால் இலவசமாக எடுத்தவருக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. பெயர் நிறுவனத்தின் கையில். காலாவதியான முகவரிகளுக்கு வருகிறவர்களை விளம்பரப் பக்கங்களுக்குத் திருப்பி அது சம்பாதித்தது. காசு கேட்காத இடத்தில் மோசடிக்காரர்கள் குவிவது இயல்புதானே. 2023 தொடக்கத்தில் புதுப் பதிவு நின்றது, மார்ச்சில் மெட்டா தொடுத்த வழக்கு வெளியே தெரிந்தது, ஜூனில் காபோன் தன் குறியீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் இந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக ஃப்ரீநோம் அறிவித்தது. தொடர்ந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் செயலிழந்தன. 2011இல் இதேபோன்ற இன்னொரு இலவச சேவையான கோ டாட் சிசியின் கீழ் இருந்த எல்லாத் தளங்களையும் கூகுள் தன் தேடலிலிருந்து மொத்தமாக நீக்கியது. ஒழுங்காக நடத்தியவரும் அண்டைவீட்டுத் திருடனோடு சேர்ந்து தண்டனை அனுபவித்தார்.

சின்ன நிறுவனத்தை நம்பினால் அப்படித்தான், கூகுள் போன்ற மலையின் நிழலில் இருந்தால் கவலையில்லை என்பார்கள். ஆனால் 2012 முதல் தன் இலவச வலைப்பூக்களை இந்தியாவில் படிப்பவர்களை கூகுள், பிளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டது. தமிழ்ப் பதிவர்களும் கண்ணில் பட்ட அந்த முகவரியையே நகலெடுத்து ஒருவருக்கொருவர் இணைப்பு கொடுத்தார்கள். 2020இல் அந்தப் பெயர் புதுப்பிக்கப்படாமல் கைநழுவி, வேறொருவர் கைக்குப் போனது. கட்டுரைகள் பிளாக்ஸ்பாட் டாட் காமில் பத்திரமாக இருந்தும், அவற்றுக்குப் போகும் லட்சக்கணக்கான இணைப்புகள் அறுந்தன. பெரிய நிறுவனமும் மறக்கும்; மறந்ததைச் சரிசெய்யும் உரிமை பதிவருக்கு இல்லை.

காசு கட்டிய முகவரியும் காலாவதியாகுமே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. சொல்லப்போனால், எழுதியவர் இறந்தபின் சொந்த முகவரிக்கு அடுத்த கட்டணம் கட்ட ஆளிருக்காது; பிளாக்ஸ்பாட் டாட் காமில் கட்டணம் நின்றதால் எழுத்து போகாது, ஆனாலும் இரண்டு ஆண்டு பயன்படாத கணக்கை கூகுள் நீக்கலாம். அதை நடத்தும் பிளாக்கர் சேவை 1999இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. ஆகவே கவிதையோ ஊர் வரலாறோ எழுதுகிறவர், நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, இலவசத்திலேயே எழுதட்டும். வியாபாரத்தின் நிலை வேறு: முகவரி போனால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போவார், அல்லது அந்த முகவரியை வாங்கிய மோசடிக்காரனிடம் பணத்தைக் கட்டுவார்.

டாட் இன் முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. இங்கும் ஒரு கண்ணி உண்டு. தளம் வடிவமைத்துத் தருபவர் ‘முகவரி இலவசம்’ என்று சேர்த்துக் கொடுத்து, தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவைப்பது நம் ஊர்களில் சாதாரணம். அப்போது கடைக்காரர் ஃப்ரீநோம் வாடிக்கையாளரின் நிலையிலேயே நிற்கிறார். பதிவுக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருக்கு வருகிறது என்று பலகை அச்சுக்குப் போகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.