உடற்பயிற்சிக்கு ஓய்வு நாள் வேண்டுமா?

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளருக்கென எழுந்த லைன் வீடுகளுள் ஒன்றில் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவனை நான் அறிவேன். காவலர் பணிக்கான உடல்தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பது அவனுடைய பெருவிருப்பம். நாள்தோறும் விடியலில் ஓட்டம். மாலையில் தண்டாலும் பஸ்கியும். மழை பெய்தாலும், திருவிழா வந்தாலும், ஒருநாள் தவறினாலும் பயிற்சியெல்லாம் பாழாகிவிடும் என்று அவன் நம்பினான். ஏழாவது வாரத்தில் கால் முன்னெலும்பில் வலி கண்டது. அதனையும் பொருட்படுத்தாது ஓடினான். பத்தாவது வாரத்தில் மருத்துவர் சோதித்தபோது எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்பட்டிருப்பது தெரிந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் ஓடலாகாது என்றார் மருத்துவர். தேர்வு நாள் வந்தது, போயிற்று.

அன்று மாலை அவ்வீட்டில் நிகழ்ந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். மகனுடைய நிலை கண்டு வருந்திய தந்தை, “தாத்தா முப்பத்தைந்து வருஷம் ஓய்வே இல்லாமல் சுரங்கத்தில் உழைத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டார். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் உடனே நிமிர்ந்தார். “யாரப்பா சொன்னது, ஓய்வே இல்லை என்று? ஆறு நாள் இறங்குவோம்; ஏழாம் நாள் இறங்கமாட்டோம். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் இல்லை, கண்ணு” என்றார்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்த அப்பெரியவர் கூறிய இச்சொற்கள், இன்றைய உடலியல் அறிஞர் கூறுவதோடு பெரிதும் ஒத்திருக்கின்றன. எவ்வாறு என்பதைக் காண்போம்.

சுரங்கம் கற்பித்த பாடம்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் கால்வைத்த காலந்தொட்டு, 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட நாள்வரை, வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்குப் பாறை உடைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்திருந்தது. குளிர்காற்றைப் பொறிகள் வாயிலாகக் கீழே செலுத்தினாலன்றி அங்கு மனிதர் நின்று வேலை செய்தல் இயலாது.

இத்தகைய இடத்தில் உழைப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள உறவு ஏட்டளவில் நில்லாமல் உயிர்ப் பிரச்சினையாயிற்று. தங்கவயற் சுரங்கங்களில் தொழிலாளர் மயங்கி விழுவதைப் பற்றிக் காப்ளன் என்னும் மருத்துவர் 1944-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பின்னர் 1946-இல், அவரும் லிண்ட்சே என்பவரும் சேர்ந்து, ஆழ்சுரங்கத்தின் வெப்பம் தொழிலாளரின் வேலைத்திறனை எவ்வாறு பாதிக்கிறது என்பதைச் சோதனை செய்து எழுதினர். வெப்பமும் ஈரமும் மிகுந்தால், எத்துணை உறுதி படைத்தவனாயினும் அவனால் செய்யக்கூடிய வேலை குறைந்துபோகிறது என்பதே அதன் சாரம். உடலுக்கு எல்லை உண்டு என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய இடங்களுள் நம் தங்கவயலும் ஒன்று என்பது பலரும் அறியாத செய்தி.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது எளிதில் கிட்டிய பேறன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை, நாராயண் மேகாஜி லோகண்டே முதலானோர் பல ஆண்டுகள் போராடியதன் பின்னரே 1890-இல் கிட்டியது. தொழிற்சாலைகளில் வாரந்தோறும் ஓய்வு வேண்டும் என்னும் உலக உடன்படிக்கை 1921-இல் உருவாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், எவரையும் வாரத்தில் ஆறு நாட்களுக்கு மேல் சுரங்கத்தில் வேலை வாங்கலாகாது என்று விதித்தது; நிலத்தடியில் உழைப்போர்க்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரம்பும் கட்டிற்று. பாட்டனார் குறிப்பிட்ட ஏழாம் நாள் இவ்வாறு வந்ததே.

ஓய்வளித்தால் உற்பத்தி குன்றிவிடும் என்று முதலாளிகள் அஞ்சியதுண்டு. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் ஞாயிற்றுக்கிழமையும் இயங்கின. அவற்றை ஆராய 1915-இல் அமைக்கப்பட்ட குழு, ஏழு நாள் உழைப்பால் உற்பத்தி பெருகவில்லை என்பதையும், ஞாயிறு வேலையை நிறுத்தியபின் மொத்த உற்பத்தி குறையவில்லை என்பதையும் கண்டது. களைத்த உடல் ஏழு நாளில் செய்ததை, ஓய்ந்த உடல் ஆறு நாளிலேயே செய்து முடித்தது. பயிற்சிக்கும் இக்கணக்கே பொருந்தும்.

உடலின் உள்ளே நிகழ்வது யாது?

பளு தூக்கும்போதும் விரைந்து ஓடும்போதும் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பயிற்சி முடிந்தபின், உண்ட உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு உடல் அவற்றைச் செப்பனிடுகிறது. முன்னிருந்ததைவிடச் சற்று வலுவாகவும் கட்டுகிறது. கடும்பயிற்சிக்குப்பின் இவ்வேலை ஒரு நாள் முதல் இரண்டு நாட்கள்வரை நீடிக்கும். தசையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரைச் சத்தும் பயிற்சியில் கரைந்துவிடுவதால், அது மீண்டும் நிரம்பப் பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். ஆகவே பயிற்சி என்பது உடலுக்கு நாம் இடும் கட்டளை. அதனை உடல் நிறைவேற்றும் நேரமே ஓய்வு. ஒரு கட்டளை நிறைவேறுமுன் மற்றொன்று, அதன்மேல் இன்னொன்று என இட்டுக்கொண்டே போனால், எந்த வேலையும் முடிவுறாது.

எலும்பின் நிலையும் இதுவே. தொடர்ந்த தாக்குதலுக்கு உள்ளாகும் எலும்பில் பழைய பகுதி அகற்றப்பட்டுப் புதிய பகுதி கட்டப்படுகிறது. அகற்றும் வேலை விரைவில் நடைபெறும். கட்டும் வேலையோ மெல்லவே நடைபெறும். இடைவெளியின்றி ஓடுபவன், கொத்தனார் பூசிய சுவர் காயுமுன் அதன்மேல் பாரம் ஏற்றுபவனை ஒப்பான். நெடுந்தூரம் நடந்த படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பிரைட்ஹவுப்ட் என்னும் பிரஷியப் படை மருத்துவர் 1855-இலேயே குறித்து வைத்தார். எலும்பில் உண்டாகும் வெடிப்பே அதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. நம் இளைஞனுக்கு நேர்ந்ததும் அவ்வகையினதே.

ஒரு நாள் விட்டால் பயன் போய்விடுமா?

இவ்வச்சமே பலரை ஓய்வெடுக்கவொட்டாமல் தடுக்கிறது. ஓரிரு நாள் ஓய்வால் வலிமை குறைவதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் முற்றும் விட்டால், ஓட்டத்திற்கு வேண்டிய மூச்சுவலிமை குறையத் தொடங்கும். தசை வலிமை அதனினும் சற்று நீண்ட நாள் நிலைத்திருக்கும். வெப்பத்தில் உழைப்பவர்க்கும் இவ்வாறே: ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் உடல் வெப்பத்திற்குப் பழகுகிறது, இரண்டொரு நாள் விலகியிருந்தால் அப்பழக்கம் மாறுவதில்லை, ஒரு வாரத்திற்கு மேல் விலகியிருந்தவன் மீண்டும் படிப்படியாகத்தான் பழகவேண்டும். எனவே ஓய்வு வேறு, கைவிடுதல் வேறு. ‘ஓய்வெடுக்கிறேன்’ என்று சொல்லி ஒரு மாதம் படுத்துக் கிடப்பதற்கு இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டுதல் கூடாது!

நம் குடும்பங்களின் நிலை

சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் மக்களின் வாழ்க்கை இருப்புப்பாதையோடு பிணைந்துவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில், சாம்பியன், ஊரிகம், கொரமண்டல் என நிலையந்தோறும் ஆணும் பெண்ணும் ஏறி, பங்காரப்பேட்டை வழியே பெங்களூருக்குச் சென்று, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போக்குக்கும் வரவுக்கும் நான்கு மணிக்கு மேல். இவர்களுள் பலர் நின்றுகொண்டே பயணம் செய்து, கட்டடவேலையும் காவல்வேலையும் துப்புரவுவேலையும் செய்பவர்கள். வளர்ந்தவர்க்கு இரவில் 7 மணி உறக்கமேனும் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். விடியுமுன் வண்டியேறுபவர்க்கு அது கிட்டுவது அரிது.

இத்தகையவர் ஓய்வு நாளைக் கணக்கிடும்போது ஒன்றை மறத்தலாகாது. உடல், கூலிக்காகத் தூக்கிய பாரத்தையும் பயிற்சிக்காகத் தூக்கிய பாரத்தையும் வேறு வேறாகக் கருதுவதில்லை. நாள் முழுதும் செங்கல் சுமந்தவர்க்கு அன்றைய பளுப்பயிற்சி முடிந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். அவர் அன்று மாலை கர்லாக்கட்டை சுழற்றுவதினும் நன்கு உண்டு உறங்குதலே மேல். நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர்க்கோ பயிற்சி இன்றியமையாதது. நம் தாய்மார்களின் நிலை வேறு: தண்ணீர்க்குடம் தூக்கி, சமைத்து, துவைத்து நிற்பவர்க்கு ஞாயிறும் வேலை நாளாகவே கழிகிறது. ஓய்வு நாளின் நன்மையைப் பேசும் ஆடவர், அந்நாளில் வீட்டு வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டாலன்றி, அப்பேச்சு பாதி உண்மையே.

எவர்க்கு எத்தனை நாள்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்தல் வேண்டும். தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரு நாட்களேனும் வேண்டும். இதனை நம் வாழ்க்கைக்கு ஏற்பப் பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம்.

நடைப்பயிற்சி போன்ற மிதமான பயிற்சிக்குத் தனி ஓய்வு நாள் தேவையில்லை. முதியோரும் இயன்ற அளவில் நாள்தோறும் நடக்கலாம். பளு தூக்குவோர் ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாட்களில் பயிற்சி அளித்தலாகாது. 48 மணி இடைவெளி விடுதல் நன்று. இன்று தோளும் மார்பும் எனில், நாளை கால்கள் எனலாம். புதிதாக ஓடத் தொடங்குவோர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுவதே முறை. தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். பழகியவரும் வாரத்தில் ஒரு நாளேனும் கடும்பயிற்சியை நீக்குதல் வேண்டும். ஓய்வு நாளில் முடங்கிக் கிடக்க வேண்டுவதில்லை. உலாவலாம், கைகால்களை மெல்ல நீட்டி மடக்கலாம், பிள்ளைகளோடு விளையாடலாம்.

தங்கவயலில் உள்ளோர்க்கு மற்றொரு சொல்: காற்று வீசும் நாட்களில் சயனைடு மேடுகளிலிருந்து தூசு பறக்கும். அந்நாட்களில் அவற்றின் அருகே ஓடுதல் நுரையீரலுக்குத் தீங்கு. அதனையே ஓய்வு நாளாகக் கொள்க. சுரங்கத் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட முதியோர், எப்பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

உடல் தரும் எச்சரிக்கைகளையும் அறிந்துகொள்வோம். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தினும் மிகுந்திருத்தல், களைத்தும் உறக்கம் வாராமை, காரணமின்றிச் சினம், அடிக்கடி சளியும் காய்ச்சலும், பயிற்சி செய்தும் திறன் குறைந்துகொண்டே போதல் — இவை ஓய்வு போதவில்லை என்பதன் அறிகுறிகள். ஓரிடத்திலேயே எலும்பில் வலி நிலைத்தால் ஓட்டத்தை நிறுத்துக. அளவுமீறிய பயிற்சிக்குப்பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் இறங்கினாலோ, மார்பு வலித்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

அந்த இளைஞன் கால் குணமாகி இன்று மீண்டும் ஓடுகின்றான். அடுத்த தேர்வை எதிர்நோக்கியிருக்கின்றான். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், இரு நாள் தசைப்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய சுரங்கத்தின் பூட்டிய வாயில்வரை மெல்ல நடந்து திரும்புகின்றான். வழியில் பெரியவர் இருமல் வந்து நின்றால் அவனும் நிற்கின்றான். முன்னெல்லாம் ஒரு நொடி வீணாவதையும் பொறாதவன், இப்போது அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டான்.

நம் முன்னோர் அரும்பாடுபட்டுப் பெற்றது அந்த ஏழாம் நாள். அதனை நம் உடலுக்கு நாமே மறுத்தல் எவ்வகையிலும் தகாது. அன்பர்கள் தம் பிள்ளைகளுக்குப் பயிற்சியைக் கற்பிக்கும்போதே ஓய்வையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.