ஆரணித் தறியும் நாட்கணக்கும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி பட்டு நெசவினாற் பெயர்பெற்றது. சேலையின் அடக்கவிலையைக் குறைக்கக் கருதுவோர் சிலர் முதற்கண் நெசவாளர் கூலியிலேயே கைவைக்கின்றனர். இது தக்கதோ என ஆராய்வோம்.

கன்னட நாட்டிலிருந்து வரும் பட்டை முறுக்கி, பசை நீங்க அவித்து, சாயந் தோய்த்து, தெருவில் நீளக் கட்டி, நெடுக்கிழையாகிய பாவு ஆக்குகின்றனர். பின்னர்ப் பழைய பாவின் நுனிகளோடு புதியதன் நுனிகளை, ஆயிரக்கணக்கானவற்றை, ஒவ்வொன்றாகக் கையாற் பிணைத்தல் வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ்வன. ஊடைக்குத் தார் சுற்றுதலோ இவற்றோடு உடன் நிகழக்கூடியது.

ஒன்றையொன்று எதிர்நோக்கும் வேலைகளுள் மிக நீண்ட தொடரே முழுவேலையின் காலத்தை வரையறுக்கும். அமெரிக்காவில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியார் 1957-இல் இவ்வுண்மையைக் கணித முறையாக வகுத்தனர். தறிக்கும் அது பொருந்தும். பாவு தோய்த்துக் கட்ட 5 நாள், பிணைக்க 1 நாள், தார் சுற்ற 2 நாள், நெய்ய 15 நாள் எனக் கொள்வோம். இரட்டைக் கூலி ஈந்து தாரை ஒரே நாளிற் சுற்றுவிப்பினும் சேலை ஒரு நாழிகையும் முந்தாது. முன்னைப் பாவு தறியிலிருக்கும்போதே பின்னையதைச் சாயத்திற்கு அனுப்பினாலோ, 21 நாட் சுற்று 16 நாளாகும். 336 நாளில் 16 பாவு நெய்த தறி 21 பாவு நெய்யும். கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை என்பதை நோக்குக.

இவ்விழப்பு வணிகர் பேரேட்டில் தோன்றுவதில்லை. சேலைக் கணக்கிற் கூலி கொடுக்கப்படுதலின், தறி ஓய்ந்த நாளின் சுமை நெசவாளர் அடுப்பின்மீதன்றோ விழுகின்றது! கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே கணக்கிடுதலைத் திருமறை உவமையிற் கேட்டுளோம். ஆங்கு எண்ணியது பணம், ஈங்கு எண்ணவேண்டுவது நாள்.

இம்முறைக்கும் செலவுண்டு. பட்டை முன்கூட்டி வாங்க முதல் வேண்டும். முதலுக்கு வட்டி ஏறும். ஆதலின் எல்லாத் தறிக்கும் ஒருசேரப் பாவு குவித்தல் அறிவுடைமையன்று. முந்தி முடியுந் தறிக்கே முந்திய பாவு. சாயக்காரர் ஒருவர் பலர்க்குந் தோய்ப்பராயின், அவரிடத்து வரிசை வகுத்தலே தலையாய வேலை.

பருவத்தையும் மறத்தலாகாது. ஆடியில் முகூர்த்தமின்மையால் விற்பனை தளரும். ஆயின் வெயில் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையிலோ தெருவிற் பாவு நீட்டவியலாது. புரட்டாசிக்குள் மழைக்காலப் பாவுகளைக் கட்டிச் சுருட்டிவைப்பின், குழித்தறியின் ஈரத்தால் நெசவு மெலியினும், பாவின்றித் தறி நிற்க நேராது.