காணாமற்போன வெள்ளிக்கிழமை

2011ஆம் ஆண்டு டிசம்பர் 29, வியாழக்கிழமை. பசிபிக் மாகடலில் உள்ள சமோவா என்னும் தீவு நாட்டில் அன்று இரவு உறங்கச் சென்றவர்கள் மறுநாள் காலையில் எழுந்தபோது சனிக்கிழமை, டிசம்பர் 31! நடுவில் வர வேண்டிய வெள்ளிக்கிழமை என்னவாயிற்று? யாரும் ஒரு நாள் முழுவதும் கும்பகர்ணனைப் போலத் தூங்கிவிடவில்லை. அந்த நாள் அங்கே வரவே இல்லை. டிசம்பர் 30இல் பிறந்தவர்களுக்கு அவ்வாண்டு பிறந்தநாள் கிடையாது.

இது எப்படி? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னக் கணக்குதான்.

பூமி 24 மணி நேரத்தில் ஒரு முறை, அதாவது 360 டிகிரி, சுழல்கிறது. எனவே ஒரு மணிக்கு 15 டிகிரி. மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முதலில் உதிக்கும். லண்டன் நகரைச் சேர்ந்த கிரீனிச்சின் வழியே செல்லும் தீர்க்கரேகையை 0 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. 82½ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள், 5½ வரும். ஆகவே கிரீனிச்சில் வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி என்றால் நமக்கு மாலை 5.30.

இன்னும் கிழக்கே போவோம். 180 டிகிரியை அடையும்போது 12 மணி நேரம் கூட்ட வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை முடிகிற நள்ளிரவு. சரி, மறுபடி கிரீனிச்சுக்கு வந்து, இம்முறை மேற்கே செல்லுங்கள். 90 டிகிரியில் வெள்ளிக்கிழமை காலை 6 மணி. 180 டிகிரியில் வெள்ளிக்கிழமை தொடங்குகிற நள்ளிரவு.

இப்போது பூகோள உருண்டையைப் பாருங்கள். 180 டிகிரி கிழக்கும் 180 டிகிரி மேற்கும் ஒரே கோடுதானே! ஒரே இடத்தில் வெள்ளிக்கிழமை தொடங்கவும் செய்கிறது, முடியவும் செய்கிறது. கணக்கில் பிழையில்லை. உருண்டையைச் சுற்றி மணியைக் கூட்டிக்கொண்டே வந்தால் முடிவில் 24 மணி நேரம் உபரியாகக் கையில் நிற்கும். அதை எங்கேயாவது ஓரிடத்தில் இறக்கி வைத்தாக வேண்டும். அந்த இடம்தான் சர்வதேசத் தேதிக்கோடு. ஆசியாவிலிருந்து அமெரிக்காவை நோக்கி அதைக் கடந்தால் ஒரு நாள் பின்னே போகிறோம்; எதிர்த்திசையில் கடந்தால் ஒரு நாளைத் தாண்டிவிடுகிறோம்.

இது தெரியாமல் முதலில் திகைத்துப்போனவர்கள் மெகல்லனின் மாலுமிகள். 1519ஆம் ஆண்டு ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டன. மெகல்லன் 1521இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கொல்லப்பட்டார். எஞ்சிய விக்டோரியா என்ற கப்பல், பசியாலும் நோயாலும் வாடிய ஆட்களுடன், 1522 ஜூலையில் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள வெர்டே முனைத் தீவுகளை அடைந்தது. கப்பலின் கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரையில் கேட்டால் வியாழக்கிழமை என்கிறார்கள்! பயணத்தில் உடனிருந்த பிகாபெட்டா நாள் தவறாமல் குறிப்பு எழுதி வந்தவர். எங்கே ஒரு நாள் விட்டுப்போயிற்று என்று அவருக்கு ஒரே வியப்பு.

ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. மேற்கே செல்பவர்கள் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறார்கள். அதனால் அவர்களுடைய ஒவ்வொரு பகலிரவும் கொஞ்சம் நீளும். உலகைச் சுற்றி முடிக்கும்போது அந்தக் கொஞ்சங்கள் எல்லாம் சேர்ந்து 24 மணி ஆகிவிடும். மூன்றாண்டுப் பயணத்தில் இது நாளொன்றுக்குச் சராசரியாக 80 விநாடிதான். மணற்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதை யார் கண்டுபிடிக்க முடியும்? அவர்கள் கண்ட சூரிய உதயங்கள், ஊரில் இருந்தவர்கள் கண்டவற்றைவிட ஒன்று குறைவு.

இந்தக் குழப்பம் ஒரு கப்பலோடு நிற்கவில்லை. ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து பசிபிக்கைக் கடந்து பிலிப்பைன்ஸில் குடியேறினார்கள். வரும்போது அமெரிக்கத் தேதியையும் கூடவே கொண்டுவந்தார்கள். போர்த்துக்கீசியரோ ஆப்பிரிக்காவைச் சுற்றி, கிழக்கு நோக்கி மக்காவுக்கு வந்தவர்கள். ஆகவே அருகருகே இருந்தும் மணிலாவில் சனிக்கிழமை என்றால் மக்காவில் ஞாயிறு! 1844 டிசம்பர் 31ஐ நீக்கிவிட்டுத்தான் பிலிப்பைன்ஸ் ஆசியத் தேதிக்கு வந்தது.

1884இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு கிரீனிச்சை 0 டிகிரியாக ஏற்றது. அதற்கு நேர் எதிரேயுள்ள 180 டிகிரிக் கோடு பெரும்பாலும் கடலில் விழுந்தது நம் நல்ல காலம். தேதிக்கோடு இருந்தே தீரவேண்டும் என்பது இயற்கையின் கட்டளை. ஆனால் அது எங்கே வளைய வேண்டும் என்பதை எந்தச் சர்வதேச ஒப்பந்தமும் வரையறுக்கவில்லை. அந்தந்த நாடு எந்தத் தேதியை வைத்துக்கொள்கிறதோ அதன்படி படத்தில் கோட்டை வளைக்கிறார்கள்.

சமோவா இதைத்தான் செய்தது. 1892இல் அமெரிக்காவுடன் வாணிபம் நடந்ததால், ஜூலை 4ஐ இரண்டு தடவை கொண்டாடி அந்நாடு அமெரிக்கத் தேதிக்கு மாறியிருந்தது. பிற்காலத்தில் வாணிபம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் திரும்பிவிட்டது. சமோவாவில் வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும்போது நியூசிலாந்தில் சனி விடுமுறை; இங்கே ஞாயிறு வழிபாடு, அங்கே திங்கள் வேலை. வாரத்தில் இரு நாள் வீண்! ஆகவேதான் 2011இல் அந்த வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்தார்கள். வேலை செய்யாத அந்த நாளுக்கும் சம்பளம் கொடுக்கப்பட்டது என்பது வேறு விஷயம்! பக்கத்திலுள்ள அமெரிக்க சமோவா மாறவில்லை. இரண்டு இடங்களிலும் இப்போது கடிகாரம் காட்டும் மணி ஒன்றே. தேதி மட்டும் வேறு.

கிரிபாட்டி நாட்டை (எழுத்து அப்படி, உள்ளூரார் உச்சரிப்பது கிரிபாஸ்) தேதிக்கோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. 1995 பிறந்தபோது அந்நாடு கோட்டைத் தன் கிழக்கு எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டது. இதனால் ஒரு விந்தை. செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு உங்கள் பள்ளிக்கூட மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணத்தில் அமெரிக்க சமோவாவில் திங்கள் இரவு 11.30. அதற்கும் கிழக்கே, கிரிபாட்டியின் கிறிஸ்துமஸ் தீவில் புதன்கிழமை பிறந்து அரை மணி ஆகியிருக்கும்.